அக்கா பார்த்த வேலை

“பொண்டாட்டியப் பொதச்ச மண்ணு இன்னும் காயல. அதுக்குள்ள கொழுந்தியாளக் கூட்டிட்டு வந்து நிக்கிறியே, நல்லா இருக்கா?” என்றார் வெல்ஃபேர் ஆபீசர் ஏசுரத்தினம்.

அழகுமலை தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குப் பின்னால், வெறுங்கழுத்தைத் தடவியபடி நின்றிருந்தவளுக்கு அந்தப் பேச்சு உறைக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்த உயிர் அடங்கியதிலிருந்தே அவளுக்கு எதுவும் உறைப்பதில்லை. வரும் வழியில் அட்டை கடித்துக் காலெல்லாம் ரத்தம் வடிந்ததையே ஆபீஸ் படியேறும்போதுதான் பார்த்தாள்.

அழகுமலை வண்டிப்பெரியார் கடைவீதியில் மூட்டை தூக்குகிறவன். தேயிலை எஸ்டேட் வேலையும் அந்த வேலைக்குக் கொடுத்த லயத்து வீடும் சந்தனம் என்ற பேரில்தான் இருந்தன. அந்தப் பேரை அடித்துவிட்டால், அந்த இடத்துக்குச் சொந்தத்தில் ஒருத்தர் உடனே வேலைக்குச் சேர வேண்டும். ஆள் இல்லையென்றால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு, பிள்ளைகள் இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு மலையிறங்க வேண்டியதுதான்.

ஏசுரத்தினம் போன மாதம்தான் மாற்றலாகி வந்தவர். பழைய ஆளாக இருந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. மேல் டிவிஷனில் கொழுந்து கிள்ளும் பெண்கள் ஆபீஸுக்கு வெறும் பேர்கள்தான். முகம் யாருக்குத் தெரிய வேண்டும்? கங்காணிக்குத் தெரிந்தால் போதும். சம்பளத்தைக்கூட அவரிடம் கொடுத்தனுப்பிவிடுவார்கள்.

“ஒம் பேரு என்ன?”

அவள் வாயைத் திறப்பதற்குள் கங்காணி பெரியமுத்து முந்திக்கொண்டார். “ராமுத்தாய்ங்க. சந்தனத்துக்குக் கூடப் பொறந்த தங்கச்சி. இன்னும் கல்யாணம் ஆகல. போடியில இருந்து வந்துச்சு. பிள்ளைக ரெண்டும் இது மடிய விட்டு எறங்க மாட்டேங்குது சார்.”

“கொழுந்து எடுக்கத் தெரியுமா?”

அவள் கைகளை நீட்டினாள். விரல் நுனியெல்லாம் இலைக்கறை ஏறிக் கறுத்திருந்தது.

“ஊர்ல இருந்து வந்த பொண்ணுக்கு இவ்வளவு கறையா?”

“அக்காளுக்கு முடியாதப்ப ஒத்தாசைக்கு மலைக்குப் போச்சு சார்” என்றார் பெரியமுத்து, தரையைப் பார்த்துக்கொண்டே. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன், காதுமடல் சிவந்துபோயிருந்தது.

ஏசுரத்தினம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “பாரும்மா, கம்பெனி ஒங்க அக்காவுக்கு ஒரு கொறையும் வைக்கல. காய்ச்சல்னு வந்த அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரியில சேத்தாச்சு. கோட்டயத்துல இருந்து மருந்து வந்துச்சு. வேலையாளுக்கு, வேலையாளோட வீட்டுக்காரருக்கு, பிள்ளைங்களுக்கு எல்லாமே இலவசம். இனிமே ஒனக்கும் உண்டு. போன வாரம் அந்தக் காய்ச்சல் ஒனக்கே வந்திருந்தா வாசலோட திருப்பி அனுப்பியிருப்பாங்க. கூடப் பொறந்தவங்களுக்கெல்லாம் பாக்க ஆரம்பிச்சா கம்பெனி தாங்காது.”

“தெரியும் சார்” என்றாள். அந்த அறைக்குள் வந்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“அப்புறம், இப்ப புதுச் சட்டம் வந்திருக்கு. செத்துப்போனவங்க பார்த்த சர்வீஸுக்குக் கிராஜுவிட்டி உண்டு. அது வீட்டுக்காரனுக்கு வந்துரும். ஒனக்கு நாளைக்குத்தான் சர்வீஸ் தொடங்குது. அக்கா இத்தன வருஷம் பார்த்த வேலை அக்காவோட போச்சு, அதுக்கு நீ உரிமை கேக்க முடியாது.”

அவள் தலையாட்டினாள். பாவாடை கட்டிய வயதில் மலையேறி, கூடையும் சாக்குமாக நனைந்த வருஷங்களை ஒரு ஆள் ஒரே பேச்சில் கணக்கு முடித்துவிட்டார். வயிறு எரிய வேண்டும். எரியவில்லை.

“அந்தப் பணம் வேணாம் சார்” என்றான் அழகுமலை திடீரென்று. “வேலய மட்டும் குடுங்க, போதும்.”

“வாங்கிக்கங்க” என்றாள் அவள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. “மழையிலயும் அட்டைக்கடியிலயும் ஒழச்ச காசு. அத ஏன் விடணும்?”

ஏசுரத்தினம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். செத்தவள் காசிலும் வேலையிலும் புருஷனிலும் ஒருசேரக் கண் வைத்தவள் என்று அவர் நினைப்பது முகத்திலேயே தெரிந்தது. மற்ற நாளாக இருந்தால் அந்தப் பார்வைக்கு அவள் கூனிக்குறுகிப் போயிருப்பாள். இன்று நின்றபடியே நின்றாள்.

“காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துக்கு வந்து பேர் குடு” என்றார் அவர். அழகுமலை பக்கம் திரும்பினார். “டேய், இவளக் கட்டிக்கிறதா இருந்தா கொஞ்ச நாளாச்சும் பொறுத்துக் கட்டு. செத்தவளுக்கு அந்த மரியாதையாவது குடு.”

“சரிங்க சார்.”

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. பெரியமுத்து துண்டால் கண்ணைத் துடைத்தபடி முன்னால் நடந்துவிட்டார். எதிர்ச் சரிவில், தேயிலைக்கு நடுவே, புதுமண் மேடு ஒன்று நனைந்து கரைந்துகொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு படியில் நின்றாள்.

அழகுமலை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அதற்குள் ஒரு தாலிக்கயிற்றைச் சுருட்டி வைத்திருந்தான். பிறகு குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தான்.

“நனையாத. வா, சந்தனம்.”

அவள் அசையவில்லை.

“அந்தப் பேரச் சொல்லாதீங்க. அதச் சொல்லித்தான் எந் தங்கச்சிய ஆஸ்பத்திரியில சேத்தோம், அதச் சொல்லித்தான் பொதச்சோம்.”