அதிகாரி வேஷம்

நான்காம் வகுப்பில் அன்று அரசாங்கம் பற்றிய பாடம்.

"ஆபீசருங்க எல்லாம் நமக்கு வேலை செய்யத்தான் இருக்காங்க. நாம கேட்டா செஞ்சுதான் ஆகணும். எங்கே, நடிச்சுக் காட்டுங்க பார்ப்போம்!" என்றார் டீச்சர்.

கடைசி பெஞ்சுச் சிறுமி அதிகாரியாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மேடம், எங்க தெரு விளக்கு எரியலீங்க," என்றான் மனு கொடுக்க வந்த பையன்.

அவள் நிமிரவே இல்லை. காதைக் குடைந்தபடி, "நாளைக்கு வாங்க," என்றாள்.

"நேத்தும் இதையேதானே சொன்னீங்க?"

"அதான் சொல்லியாச்சுல்ல? சும்மா உயிரை எடுக்காதீங்க. போங்க!"

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

"அடிப்பாவி! எங்கடி கத்துக்கிட்ட இதெல்லாம்?"

"அம்மாகூட ஆபீசுக்குப் போனப்ப பார்த்தேன் டீச்சர். எங்க வாசல் சாக்கடைக்கு மூடி கேட்டு அம்மா நடையா நடந்தாங்க. தம்பி அதுல விழுந்து செத்தப்புறம்தான் போட்டாங்க."

சிரிப்பு சட்டென்று நின்றது. டீச்சர் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். கண்கள் கலங்கிவிட்டன.

"யாரும்மா அந்தப் படுபாவி? சொல்லு, நானே போய்க் கேக்கறேன்."

சிறுமி தயங்கினாள்.

"தினமும் சாயங்காலம் உங்களை ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போக வருவாரே டீச்சர், அந்த சார்தான்."