பயம் போதாது

விரலை எடுக்க முடியவில்லை.

எடுத்தால் முழித்துக்கொள்வாள்.

சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறான். எதிரே தாழ்வான மேசையில் சிந்தசைசர் கீபோர்டு. வலது கையின் நடுவிரல் ஒரு கட்டையின் மேல். மடியில் மகள். ஏழு மாதம்.

காலையில் வாசுகி ஆபீசுக்குக் கிளம்பினாள். பிரசவ லீவு முடிந்து முதல் நாள். கதவு சாத்தியதும் ஆரம்பித்த அழுகை. பாட்டிலைத் தட்டிவிட்டாள். கிலுகிலுப்பையைத் தட்டிவிட்டாள். அப்பனின் மூக்குக்கண்ணாடியையும்.

கடைசியில், அவளோடு சேர்ந்து தானும் அழுவதற்குப் பதிலாக, இந்தக் கட்டையை அழுத்தினான்.

ம்ம்ம்ம் என்றது.

குழந்தை கப்பென்று அடங்கியது. பெரிய மனுஷி மாதிரி ஒரு பெருமூச்சு. தூக்கம்.

இத்தனைக்கும் அது ஒரு பேய்ப்படத்துக்காக அவன் செய்த ஒலி.

கதாநாயகி ஒரு வீட்டுக்குள் மாட்டிக்கொள்கிறாள். கதவு கண்ணுக்குத் தெரிகிறது. போக முடியவில்லை. அந்த இடத்தில் சபையே நடுங்க வேண்டும் என்றார் டைரக்டர் குணாளன். அனுப்பியதையெல்லாம் திருப்பினார்.

‘பயம் போதாது.’

இன்று மூன்று மணிக்குள் வராவிட்டால் வேறு ஆள். அதையும் சொல்லிவிட்டார்.

பெடல் இருந்தால் காலால் மிதித்துக்கொண்டு கையை விடுவித்திருக்கலாம். போன வாரம் பாப்பா அதன் ஒயரைச் சப்பிப் பார்த்தாள். பத்திரமாக இருக்கட்டும் என்று பரணில் வைத்தான். பத்திரமாகத்தான் இருக்கிறது.

கட்டையின் மேல் கனமாக எதையாவது வைக்கலாம். எட்டுகிற தூரத்தில் கனமாக இருந்த ஒரே பொருள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

அனுப்புவதற்காகச் சேவ் பண்ணினால் ஒலி அரை நொடி விக்கும். அரை நொடி போதும் அவளுக்கு.

விரல் முதலில் வலித்தது. பிறகு எரிந்தது. இப்போது அது வேறு யாருடையதோ.

போன் அதிர்ந்தது. குணாளன். இரண்டாவது அதிர்வுக்குள் இடது கையால் பாய்ந்து எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டு, சத்தத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து, தொடைமேல், குழந்தையின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்தான். டைரக்டர் கொசு அளவுக்குச் சுருங்கினார்.

“என்னய்யா ஆச்சு?”

“ஓடிக்கிட்டிருக்கு சார். கேளுங்க.”

கேட்டார்.

“ஃபிரிட்ஜ் ஓடுது.”

“கொஞ்சம் இருங்க சார்.”

இடது கை ஒலியை மாற்றும் குமிழுக்குப் போனது.

சிந்தசைசருக்குள் இருக்கும் வேவ்டேபிள் என்பது ஒரு சீட்டுக்கட்டு மாதிரி. ஒவ்வொரு சீட்டும் ஓர் ஒலி அலை. குமிழைத் திருப்பத் திருப்ப ஒலி ஒரு சீட்டிலிருந்து அடுத்ததுக்கு வழுக்கும். இந்தக் கோடியில் ஃபிரிட்ஜ். அந்தக் கோடியில் தகரத்தைப் பல்லால் கடிக்கிற ஓசை. நடுவில் எங்கோ பயம் இருக்க வேண்டும். இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் இவன் பிழைப்பு ஓடுகிறது.

மயிரிழை மயிரிழையாகத் திருப்பினான். குழந்தையின் இமையைப் பார்த்துக்கொண்டே திருப்பினான்.

ஒலியின் அடியில் ஏதோ புரண்டது. ஓரத்தில் துரு ஏறியது. அவனுக்கே பிடரி சிலிர்த்தது.

இமை அசையவில்லை. வாய் மட்டும் லேசாகத் திறந்துகொண்டது.

போன் பக்கம் குனிந்தான்.

“சார்?”

“யோவ். பின்னாடி அது என்ன?”

“எது சார்?”

“மூச்சு. யாரோ கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு இழுத்து இழுத்து விடுற மாதிரி. எப்படிய்யா பண்ணினே?”

மடியைப் பார்த்தான். இரண்டு நாளாகச் சளி. மூக்கடைப்பு. வாயால்தான் மூச்சு.

அந்த நேரம் பார்த்து விரல் வழுக்கியது.

ஒலி நின்றது.

கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுகைக்காகக் காத்திருந்தான்.

வரவில்லை.

ஒரு கண்ணைத் திறந்தான். தூங்கிக்கொண்டிருந்தாள். எப்போதிலிருந்து இவன் விரல் தேவைப்படவில்லையோ, அவளுக்குத்தான் வெளிச்சம். இவ்வளவு நேரம் அந்த ஒலியைக் கேட்டதில், காதுக்குள் ரீங்காரம் மட்டும் நிற்கவில்லை. வேறெதுவும் கேட்கவில்லை.

தொடையிலிருந்து குணாளன் கிசுகிசுத்தார்.

“இதுதான்யா. ம்ம்முனு எதுவும் வேண்டாம். இந்த மூச்சு மட்டும் போதும். பட்டப்பகல்ல, ஏசி ரூம்ல, எனக்கே கை கால் ஆடுது. அனுப்பு. அடுத்த படமும் நீதான்.”

கேட்கக் காத்திருந்த வார்த்தைகள். ஒன்றுகூடக் குறையாமல் வந்துவிட்டன.

மைக் இருக்கிறது. இப்போதே பதிவு செய்யலாம். துண்டு துண்டாக நறுக்கி, சீட்டுகளாக அடுக்கி, குமிழைத் திருப்பலாம். இருட்டில் உட்கார்ந்திருக்கிறவர்கள் கண்ணைப் பொத்திக்கொள்வார்கள். படம் முடிந்து வீட்டுக்குப் போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பார்கள்.

அவள் உதட்டோரம் பால் காய்ந்திருந்தது.

இடது கைக் கட்டைவிரலால் போனின் வாயைப் பொத்தினான்.

“ஹலோ?” என்றது கொசு. “ஹலோ? யோவ், மூச்சு நின்னுபோச்சுய்யா.”

பொத்தியது தன் விரல்தான். நன்றாகத் தெரியும்.

இருந்தும் வலது கையின் நடுவிரலை அவள் வாயருகே கொண்டுபோனான்.

மரத்துப்போயிருந்தது. ஒன்றும் தெரியவில்லை.

குனிந்து, மூச்சு படுகிறதா என்று அங்கே கன்னத்தை வைத்தான்.