ஞாயிற்றுக்கிழமை போன்

"மவன் வந்து மொகம் பாக்காம பெட்டிய மூட வுடமாட்டேன்."

செல்வநாயகி அத்தை ஒரே பிடியாக நின்றாள். இறந்துபோன சவரியம்மாளின் தங்கை மகள் அவள். ஒற்றைக்கு ஒரு மகன் சாவியோ, துபாயிலிருந்து வந்து சேரட்டும், அதுவரை மறுபடியும் ஐஸ் பெட்டியில் வைக்கலாம் என்பது அவள் கட்சி. பந்தலில் இருந்தவர்களும் அதுதானே நியாயம் என்றார்கள்.

சாவியோவின் மகள் ஜெசி, ஆயாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கம்பெனியில் லீவு தரவில்லையாம் என்று காலையிலிருந்து சொன்னதையே மறுபடியும் சொன்னாள். பெற்ற தாய்க்கு மண் அள்ளிப்போட லீவு தராதவன் என்ன மனுஷன் என்று அத்தை அந்தக் கண்காணாத முதலாளியைத் திட்டித் தீர்த்தாள்.

விருத்தாசலத்தில் சவரியம்மாளைத் தெரியாத கிறிஸ்தவர் இல்லை. சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவள். பீங்கான் கம்பெனியில் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளின் ஓரத்துப் பிசிறைத் தட்டித் தட்டியே மகனை ஆளாக்கினாள். மருமகளும் அற்பாயுசில் போய்ச்சேர, பேத்தியையும் அவளே வளர்த்தாள். இத்தனை பட்டும் ஆண்டவர்மேல் ஒரு நாள் கோபித்துக்கொண்டவள் இல்லை.

மழையோ பனியோ, விடியற்காலைப் பூசைக்கு முக்காடு போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பாள். பாட்டு மற்றவர்களுக்கு ஒரு வரி பின்னால்தான் வரும், ஆனால் சத்தம் குறையாது. பிரசங்கம் நீண்டுபோனால், "சாமி, அடுப்புல ஒலைய வெச்சிட்டு வந்திருக்கேன்" என்று பங்குச்சாமியாரிடமே சொல்லுகிற வாய். அதைச் சொல்லிப் பந்தலில் பெண்கள் சிரித்தார்கள், சிரித்த வாயோடு அழுதார்கள்.

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சா போதும், மவன் போனுக்குக் குந்திக்கும். அப்பேர்ப்பட்ட பாசம்" என்றாள் பக்கத்து வீட்டு வீரம்மாள்.

ஜெசிக்குத் தெரியும். அப்பா வரப்போவதே இல்லை. கொரோனா வந்த வருஷமே துபாயில் செத்துப்போனார்; அங்கேயே புதைத்தும் விட்டார்கள். கூட வேலை பார்த்தவர் ஜெசியின் போனுக்குத்தான் சொன்னார்.

ஆயா அப்போதுதான் நெஞ்சுவலி கண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்தாள். அதிர்ச்சியான சேதி எதுவும் காதில் விழக் கூடாது, விழுந்தால் உயிருக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். ஜெசி சேதியை அப்படியே விழுங்கினாள். அப்பாவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வீட்டில் விடவில்லை.

அப்பாவின் கூட்டாளி கொளஞ்சிநாதனுக்குக் கிட்டத்தட்ட அப்பாவின் குரல். அவர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, ஞாயிறுதோறும் பக்கத்து ஊரான கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து சாவியோவாகப் பேச வைத்தாள். "சாப்டியாப்பா, ஒடம்பப் பாத்துக்க, செபம் பண்ணிக்க" என்று ஆயா மூன்று வார்த்தை பேசிவிட்டுப் போனைத் திருப்பித் தந்துவிடுவாள். எப்போது வருகிறாய் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டால் கொளஞ்சிநாதன் திணறிப்போயிருப்பார்; நல்ல வேளை என்று ஜெசி நிம்மதியாக மூச்சுவிட்டுக்கொள்வாள்.

ஆயாவின் உயிருக்காகச் சொன்ன பொய்யை ஆண்டவர் மன்னித்துவிடுவார். ஜெசியை அரித்துத் தின்றது வேறொன்று. செத்தவர்களுக்கு வேண்டிக்கொள்ள ஆயாவைப்போல் ஒருத்தி கிடையாது. மோட்சம் போகுமுன் பாவம் கழிய உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடக்கிற ஆத்துமாவை நம் செபம்தான் கைதூக்கி விடும் என்று, தெருவில் யார் செத்தாலும் காசு கட்டி அவர் பேரில் பூசை வைப்பாள்.

பெற்ற மகனுக்கு மட்டும் வைக்கவில்லை. உயிரோடு இருக்கிறான் என்று நினைக்கிறவள் எப்படி வைப்பாள்? ஜெசி தானே வைக்கலாமென்றால், பூசைக்கு முன்னால் யாருக்காக என்று கோயிலில் பேரை உரக்கப் படிப்பார்கள். ஆயா முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். அப்பா அங்கே தாயின் செபத்துக்குத் தவித்துக் கிடக்க, நான் அல்லவா குறுக்கே நின்றுவிட்டேன் என்று ஜெசி செத்துச் செத்துப் பிழைத்தாள்.

உபதேசியார் செல்வநாதன் செபப் புத்தகத்தோடு உள்ளே வந்தார். அந்தக் கோயிலில் பூசைக்குப் பேர் கொடுப்பதெல்லாம் அவரிடம்தான். சாமியார் கிளம்பிவிட்டார், பெட்டியை மூடிவிடலாமா என்று கேட்டார். அத்தை மறுபடியும் மகன் வராமல் முடியாது என்று தொடங்கினாள்.

இதற்குமேல் ஜெசியால் தாங்க முடியவில்லை. குனிந்து ஆயாவின் காதோடு வாயை வைத்தாள்.

"ஆயா, அப்பா செத்துப்போயிட்டாரு ஆயா. துபாய்லயே பொதச்சிட்டாங்க. நீ பேசுனதெல்லாம் கொளஞ்சி மாமாகிட்ட."

அழுகையில் குரல் உயர்ந்து பந்தல் வரைக்கும் கேட்டுவிட்டது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷமும் அடக்கி வைத்த அழுகையை எல்லாம் ஜெசி அன்றைக்குத்தான் அழுதாள். ஒரே நாளில் தகப்பனுக்கும் ஆயாவுக்கும் சேர்த்து அழுதாள்.

உபதேசியார் அவள் தோளைத் தொட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஜெசி சொன்னாள்: "பாவம் பண்ணிட்டேன் ஐயா. எங்கப்பா ஆத்துமாவுக்கு ஆயாவ ஒரு பூசகூட வைக்க வுடாம பண்ணிட்டேன்."

செல்வநாதன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். சொல்லலாமா வேண்டாமா என்று சவரியம்மாளின் முகத்தைப் பார்த்தார்.

"மாசாமாசம் வெச்சாங்கம்மா. 'எம் மவன் பேர மட்டும் கோயில்ல படிச்சிடாதீங்க, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சித்தான் அந்தப் புள்ள அழாம நிக்குது'ன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க."