தகரவேலியில் இரண்டடி

"ஏ புள்ள! திரும்ப இந்தப் பக்கம் கால் வச்சே, காலை ஒடிச்சிப்போடுவேன்!"

அதட்டியவர் வேல்ராஜ். ரயில் ஓட்டும் வேலைக்கு நேர்காணலுக்கு வந்தவர். தகரவேலியின் இரண்டடி இடைவெளி வழியாகக் குடத்தோடு நுழைந்த சிறுமி, அழுதுகொண்டே வந்த வழியில் ஓடினாள். ஸ்ரீலேகாவுக்கு வந்த எரிச்சலில், அந்த ஆளை அப்படியே வாசலோடு திருப்பி அனுப்பிவிடலாம் போலிருந்தது.

ஆனால் அனுப்ப முடியாது. வெள்ளைக்காரன் காலத்து விமானத்தளத்தின் மதிலை ஒட்டி, அந்தக் காலத்துக் குட்டி ரயில் ஒன்றை மறுபடி ஓட வைக்கும் திட்டத்துக்கு அவள்தான் பொறுப்பு. இரண்டு வருடமாக மாட்டுங்கா வீட்டிலிருந்து தினமும் வந்து, ஒவ்வோர் அனுமதிக்கும் நாய் படாத பாடு பட்டு, ஒன்றரைக் கிலோமீட்டர் தண்டவாளம் போட்டு முடித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. இன்று வியாழன், இன்னும் ஓட்ட ஆள் கிடைத்தபாடில்லை.

ஏற்கெனவே வந்த ஆறு பேரும், மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் வேகம் என்றதும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஏழாவது ஆள் இவர். தாராவியில் வீடு. முப்பத்தோரு வருடம் லோக்கல் ரயில் ஓட்டிய மோட்டர்மேன், போன வருடம்தான் ஓய்வு. நற்சான்றிதழில் ஒரு கரும்புள்ளி கிடையாது.

"வாங்க, எஞ்சினைக் காட்டறேன்" என்றாள் அலுப்போடு.

உள்ளே டீசல், வெளியே நீராவி எஞ்சின் வேஷம். பித்தளை மணியும் புகைபோக்கியும் வெயிலில் மின்னின. மற்ற ஆறு பேரும் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். வேல்ராஜ் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவர் கண் வேலியிலேயே இருந்தது.

"பிரேக் போட்டா எத்தன மீட்டர்ல நிக்கும் மேடம்?"

"எட்டு மீட்டர்."

"எட்டுதானா?" கேட்டதை நம்ப முடியாதவர்போல ஒரு கணம் நின்றார். "நல்லது. சேந்துக்கிடுதேன். இப்பவே கையெழுத்துப் போடுதேன். ஆனா அந்த ஓட்டையை மொதல்ல அடைச்சு பந்த் பண்ணிரணும்."

ஸ்ரீலேகாவுக்குச் சுருக்கென்றது. வேலிக்கு அந்தப் பக்கம் குடிசைகள். இந்தப் பக்கம், தண்டவாளத்தைத் தாண்டினால், கட்டுமான வேலைக்குப் போட்ட தண்ணீர்க் குழாய். ஏப்ரல் வெயிலில் அந்த ஜனங்கள் குடத்தோடு அலைவதைப் பார்த்து, ஒரு தகரத்தைக் கழற்றச் சொன்னவளே அவள்தான். இந்த இரண்டு வருடத்தில் தான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான் என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

"அது தண்ணி எடுக்க வர்றவங்களுக்கு விட்டிருக்கேன். இருந்துட்டுப் போகட்டுமே."

"குழாயை அந்தப் பக்கம் இழுத்துக் குடுங்க. இந்தப் பக்கம் ஒருத்தரும் வரப்பிடாது."

"சார், மூணு நாள்ல நான் எதைன்னு பாக்கறது? பெயின்டர் வரலை. பந்தல்காரன் போனை எடுக்கலை. இதுல குழாய் வேறயா?"

"அப்ப தகரத்தை மட்டும் அடைங்க. குழாயைப் பொறவு பாத்துக்கிடலாம்."

கைபேசி அடித்தது. தலைமை அலுவலகம். "டிரைவர் மில் கயா?", ஆள் கிடைத்தாச்சா என்ற கேள்விக்கு, அஞ்சு நிமிஷத்தில் சொல்வதாக இந்தியில் சொல்லி வைத்தாள். காலையிலிருந்து இதே கேள்விக்கு இது ஐந்தாவது பதில். உடம்பும் மனசும் ஒருசேர ஓய்ந்துபோயிருந்தன. அத்தனை அலுப்பும் எதிரே நின்றவர் மேல் கோபமாகத் திரும்பியது.

"நீங்களும் தாராவியிலதானே இருக்கீங்க? உங்க வீட்டிலயும் குழாயடியில வரிசையில நின்னிருப்பாங்க இல்லையா? கையில ஒரு அதிகாரம் வந்துட்டா அதெல்லாம் மறந்துடுமா? ஒரு குடம் தண்ணிக்கு வந்த குழந்தையை அந்த விரட்டு விரட்டறீங்களே!"

வேல்ராஜ் பதிலுக்குக் கோபப்படவில்லை. கையெழுத்துக்காக அவள் தந்திருந்த நியமனத் தாளை மடித்து அவளிடமே நீட்டினார்.

"அப்ப வேற ஆளப் பாத்துக்கிடுங்க மேடம்."

போய்விடுவார் என்றுதான் நினைத்தாள். அவரோ வாசல் பக்கம் போகாமல் நேரே வேலிக்குப் போனார். புல்லில் கிடந்த பழைய தகரத்தைத் தூக்கி இடைவெளியில் சாத்தினார். அது நிற்காமல் சரிந்ததும், திரும்பி நின்று முதுகைக் கொடுத்து முட்டுக்கொடுத்தார். அறுபது தாண்டிய ஆள், வேர்வையில் சட்டை நனைய, அங்கேயே நின்றார்.

தகரத்தின் அந்தப் பக்கம் யாரோ தட்டினார்கள். "மாமா, ஒரு கொடம் மட்டும் மாமா" என்றது அந்தச் சிறுமியின் குரல்.

வேல்ராஜ் அசையவில்லை. கண்களை இறுக்கி மூடிக்கொண்டார்.

ஸ்ரீலேகாவுக்குத் தாங்கவில்லை. ஜல்லியில் தடுக்கித் தடுக்கி ஓடி அவர் முன்னால் போய் நின்றாள். "சின்னக் குழந்தை சார் அது! அதுங்க மேல உங்களுக்கு அப்படி என்னதான் வெறுப்பு?"

கண்ணைத் திறக்காமலே அவர் சொன்னார்:

"என் வண்டியில அடிபட்ட பதினாலு பேரும் இப்படி ஒரு ஓட்டை வழியாத்தான் வந்தாவ, மேடம்."