ஒரே வாளியில்

கூட்டத்துக்கு வந்தவர்கள் ஐந்து பேர்.

ஒன்று, குடியிருப்புச் சங்கத் தலைவர். மின்விசிறிக்கு நேர் கீழே. இரண்டு, முதல் மாடி டீச்சர். தலைவருக்கு இடப்பக்கம், மடியில் எலுமிச்சைத் தோல் ஊறிய வினிகர் பாட்டில். மூன்று, பெயிண்ட் கடைக்காரர். டீச்சருக்கு எதிரே, காலடியில் ப்ளீச்சிங் பவுடர் டப்பா. நான்கு, செயலாளராகிய நான். மேசைக் கடைசியில், குறிப்பேட்டுடன்.

ஐந்து, படிக்கட்டும் பொதுக் கழிப்பறையும் கழுவுகிறவர். சின்னவர் பெரியவர் எல்லோருக்குமே அவர் அக்காதான். அவர் உட்காரவில்லை, கதவு நிலையில் சாய்ந்து நின்றார். நாற்காலி ஒன்று காலியாகத்தான் இருந்தது.

எதையும் எண் போட்டு எழுதாவிட்டால் எனக்குக் கை ஓடாது. ஆறாம் வகுப்பில் பிரம்பு போட்டுப் பழக்கிய பழக்கம்.

பேச வேண்டியது ஒன்றுதான். போன செவ்வாய்க்கிழமை கழிப்பறை கழுவும்போது அக்கா மூச்சுத் திணறி விழுந்துவிட்டார். இரண்டு நாள் ஆஸ்பத்திரி. இருமல் இன்னும் விடவில்லை.

"எல்லாம் உங்க ப்ளீச்சிங் பண்ற வேலை சார். என் வீட்டு வரைக்கும் மூக்கு எரியுது," என்றார் டீச்சர். "இயற்கையா ஒண்ணு இருக்கும்போது இந்த விஷம் எதுக்கு?"

"உங்க ஜூஸ ஊத்தினா கிருமி சாகாது டீச்சர். குடிச்சிட்டுத் தெம்பாயிடும்."

ஆறு மாதமாக நடக்கிற சண்டை இது. ஒரு மாதம் இவர் சொன்னதை வாங்குவோம், மறுமாதம் அவர் சொன்னதை. அலமாரியில் இரண்டும் பாதி பாதியாகத் தேங்கிக் கிடந்தன.

தலைவருக்கு யாரையும் பகைத்துக்கொள்ள மனம் வராது. இரண்டு கைகளையும் விரித்தார்.

"எதுக்கு வம்பு? ரெண்டையும் ஒரே வாளியில கலந்துடலாம். ஆளுக்குப் பாதி."

"ஐயோ, வேணாங்க ஐயா!"

அக்கா கூட்டத்தில் வாய் திறந்து நாங்கள் கேட்டதே இல்லை.

"அன்னிக்கு அப்படிக் கலந்துதாங்க நான் விழுந்தேன். தனித்தனியா ஜாக்கிரதையாப் பொழங்கலாமாம். சேந்தா விஷப்புகையாம். டாக்டரம்மா சொன்னாங்க."

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

டீச்சரும் பெயிண்ட் கடைக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறு மாதத்தில் முதன்முறையாக இருவர் முகத்திலும் ஒரே நிம்மதி.

"அப்போ தப்பு பொருள் மேல இல்ல," என்றார் டீச்சர்.

"கலந்தவங்க மேல," என்று முடித்து வைத்தார் பெயிண்ட் கடைக்காரர்.

தலைவர் திரும்பினார். "ஏம்மா, உன்னை யாரு கலக்கச் சொன்னது?"

"அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் சீட்டு ஒட்டியிருந்துச்சுங்க. அதுல போட்டிருந்த மாதிரிதான் செஞ்சேன்."

எழுந்துபோய் அலமாரியைத் திறந்து பார்த்தார்கள்.

சீட்டு இல்லை. கதவு பளிச்சென்று இருந்தது.

"பன்னெண்டு வருசமா வர்றேங்க. ஒரு நாள் பொய் சொல்லியிருப்பேனா?" என்றார் அக்கா. அதை அந்தக் கதவிடம்தான் கேட்டார். எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

தீர்மானம் இரண்டு வரி. பணியாளரின் கவனக்குறைவு, அவரை அனுப்பும் ஏஜென்சிக்கு எழுதி வேறு ஆள் கேட்பது. எந்தப் பொருள் வாங்குவது என்பது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிற்று.

"இன்னிக்கே எழுதிப் போட்டுடுங்க," என்று தலைவர் என் தோளைத் தட்டினார். "நீங்க எழுதினா அப்பீலே கிடையாது."

எல்லோரும் கலைந்தோம். நாங்கள் இழுத்துப் போட்டிருந்த நாற்காலிகளை அக்கா மேசைக்கடியில் தள்ளிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனார்.

வீட்டுக்கு வந்து வெள்ளைத்தாளில் ஓரம் மடித்து எழுதினேன்.

'1. உங்கள் பணியாளர் மீது எந்தத் தவறும் இல்லை. எங்களுக்கு அவரே வேண்டும்.

2. இனி இரண்டு வாளிகள் இருக்கும். ஜன்னல்கள் திறந்திருக்கும். எந்த இடத்துக்கு எதை ஊற்றுவது என்பதை அவரே முடிவு செய்வார்.

3. வேறு ஆள் தேவைப்படுவது செயலாளர் பதவிக்கு. அதைத் தலைவருக்குத் தனியே எழுதியிருக்கிறேன்.

4. அவர் சொன்ன சீட்டை இத்துடன் இணைத்துள்ளேன்.'

சட்டைப்பையிலிருந்து அதை எடுத்தேன். நான்காக மடித்தது, செவ்வாய்க்கிழமையிலிருந்து என்னோடுதான் இருக்கிறது. மூலைகளில் டேப் இன்னும் ஒட்டியது.

ஆம்புலன்ஸ் தெருவைத் தாண்டுவதற்குள் உரித்தெடுத்தது. கதவில் மிச்சமிருந்த பசையை நகத்தால் சுரண்டி, துணியை நனைத்துத் துடைத்தேன். அதற்கு வினிகரும் வேண்டியிருக்கவில்லை, ப்ளீச்சிங்கும் வேண்டியிருக்கவில்லை.

'1. வினிகர் இரண்டு மூடி. 2. ப்ளீச்சிங் பவுடர் இரண்டு கரண்டி. 3. இரண்டையும் ஒரே வாளியில் கலக்கவும். மீதம் வைக்க வேண்டாம்.'

கோணல் இல்லாத எழுத்து. கீழே அடிக்கோடு வேறு.

கடிதத்தோடு அதை உள்ளே வைத்து உறையை ஒட்டினேன். தலைவருக்கு எழுதியதையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

படிக்கட்டில் அக்கா கடைசிப் படியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த உறையைப் பார்த்தார்.

"என்னைப் பத்தித்தானுங்களா?"

"என்னைப் பத்தியும்," என்றேன்.

என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வாளியை நகர்த்தி வழிவிட்டார்.

"ஈரம் காயல. பாத்து எறங்குங்க."

தலைவர் வீட்டுக் கதவிடுக்கில் ஒன்றைச் செருகினேன். மற்றதைத் தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டு, அது அடியில் விழுந்த சத்தம் கேட்ட பிறகே கையை எடுத்தேன்.