பலகைக்கு அந்தப் பக்கம்

“எலும்பு முறிஞ்ச காலை எடை கட்டி இழுத்து வெச்சு, டிராக்‌ஷன் போட்ட பேஷன்ட்டுக்குப் பெட்ஷீட் மாத்தறப்போ, தொங்கற எடையைக் கழட்டி வெச்சுக்கலாம்...”

டொக்.

மூடிய புத்தகத்தின் மேல் கை வைத்து ஒப்பித்துக்கொண்டிருந்த மதிவதனி நிறுத்தினாள்.

சத்தம் மேஜைக்கு எதிரே இருந்த பலகையிலிருந்து வந்தது. ஒருகாலத்தில் பக்கத்து அறைக்குப் போகிற வாசலாம் அது. இப்போது பலகை அடித்து மூடியிருந்தார்கள். அந்த அறையின் வெளிக்கதவில் பெரிய பூட்டு.

“அங்க யாரும் இல்லை அம்மணி. பழைய சாமான் கெடக்குது” என்று குடிவந்த அன்றே சொல்லியிருந்தாள் வீட்டுக்கார லட்சுமியம்மாள்.

மதிவதனி தாராபுரத்துப் பெண். நர்சிங் மூன்றாம் வருடம். எலும்பு முறிவு, விபத்துக் காயம் வருகிற பேப்பரில் ஒருமுறை ஃபெயில். ஹாஸ்டல் கூச்சலில் படிக்க முடியாமல், தொண்டாமுத்தூர் பக்கம் இந்தத் தோட்டத்து வீட்டில் அறை பிடித்திருந்தாள். சுற்றிலும் தென்னை. மத்தியானமானால் ஒரு காக்காய்கூடக் கத்தாது.

எலியாக இருக்கும் என்று நினைத்துப் புத்தகத்தைத் திறந்தாள். எடையை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றக் கூடாது என்று போட்டிருந்தது.

அடுத்த கேள்விக்குப் போனாள். “எலும்பு வெளிய தெரிஞ்சா, உள்ள தள்ளிவிட்டுக் கட்டுப் போடணும்...”

டொக்.

“இல்ல இல்ல... தள்ளக் கூடாது. சுத்தமான துணியால மூடி, அசையாமக் கட்டணும்.”

பலகை பேசாமல் இருந்தது.

மதிவதனி பலகையையே பார்த்தபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “மாவுக்கட்டுப் போட்ட பொறவு விரல் மரத்து, வலி தாங்க முடியாமப் போனா, காலை நல்லா உசரத்துல தூக்கி வெக்கணும்.”

டொக்.

இது சரியான பதிலாச்சே! பக்கத்தைப் புரட்டினாள். வெறும் வீக்கத்துக்குத்தான் உயரம். கட்டு இறுகி ரத்த ஓட்டம் தடைப்பட்டால் காலை இதயத்துக்கு மேலே தூக்கவே கூடாது, உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

பலகை சொன்னதுதான் சரி.

தோழி அன்புச்செல்விக்குப் போன் செய்தாள். “இந்த ஊட்ல ஏதோ இருக்குதுடி. நான் தப்பாச் சொன்னா தட்டுது.”

“நர்சிங் படிச்ச பேயாடி? இரு, நானும் பொட்டியத் தூக்கிட்டு வாரேன்.”

மதிவதனிக்குச் சிரிப்பு வரவில்லை. சாயங்காலம் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். லட்சுமியம்மாள் மூடி போட்ட தட்டோடு அந்தப் பூட்டைத் திறந்து உள்ளே போனாள். வெளியே வந்தபோது தட்டு காலி. மறுபடி பூட்டினாள், இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

பழைய சாமான் எங்கேயாவது சோறு தின்னுமா?

மறுநாள் மத்தியானம் வேண்டுமென்றே பலகையோரமாக வாயை வைத்தாள். “விபத்துல கழுத்து அடிபட்டவங்களை மொதல்ல தூக்கி உக்கார வெக்கணும். குடிக்கத் தண்ணி குடுக்கணும்.”

சத்தமே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஆரம்பித்தது. டொக். டொக். டொக் டொக் டொக்... பலகை அதிர்ந்தது. அவள் பின்வாங்கி இடித்ததில் மேஜையிலிருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது. அப்புறம், மனுசக் குரலா மாட்டுக் குரலா என்று தெரியாத ஒரு முனகல்.

வெளியே ஓடினாள். வாசலில் லட்சுமியம்மாள் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“உள்ள யாரைப் பூட்டி வெச்சிருக்கீங்க?”

“ஒருத்தருமில்லை அம்மணி.”

“சோறு கொண்டுபோறதைப் பாத்துப்போட்டேனுங்க. மனுசங்களைப் பூட்டி வெக்கறது குத்தம். இப்பத் தொறக்கலைன்னா போலீசைக் கூப்புடுவேன். இதெல்லாம் ஒரு பொழப்பாங்க?”

லட்சுமியம்மாள் கையிலிருந்த மிளகாயைக் கீழே போட்டாள். பிறகு இடுப்பிலிருந்த சாவியை எடுத்தாள்.

கதவு திறந்தது. சுத்தமான அறை. டெட்டால் வாசம். பலகையை ஒட்டிக் கட்டில். அதில் இருபத்தைந்து வயசு இருக்கக்கூடிய ஒருத்தன் மல்லாந்து கிடந்தான். வலது கையில் மட்டும் கொஞ்சம் அசைவு. அந்தக் கையோடு சேர்த்து ஒரு ஸ்பூனைத் துணியால் கட்டியிருந்தது.

“எம்பையன் உதய்” என்றாள் லட்சுமியம்மாள்.

அவனுக்கு மூச்சு இரைத்தது. ஆனால் மதிவதனியைப் பார்த்ததும் முகம் தெளிந்தது.

“கழுத்து அடிபட்டவங்களை உக்கார வெக்கக் கூடாதுங்க. தலையை அசையாமப் புடிச்சுட்டு, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் படுத்தபடியே விடணும். இதுல மட்டும் தப்புப் பண்ணிப்போடாதீங்க.”

“நீங்க...”

“டாக்டருக்குப் படிச்சேன். கடைசி வருசம். காரமடைகிட்ட பைக் சறுக்கிப்போச்சு. ஓடி வந்தவங்க நல்ல மனசோடதான் தூக்கி உக்கார வெச்சாங்க. தண்ணி குடுத்தாங்க.” சிரித்தான். “சரி, மாவுக்கட்டுக் கேள்வியை இன்னொருக்கா சொல்லுங்க. நேத்து சரியாச் சொல்லலை.”

மதிவதனி அந்தக் கையையும் ஸ்பூனையும் பார்த்தாள். கண்ணீர் கொட்டியது.

“அய்யோ பாவமே... இந்த வயசுல உங்களுக்குப் போயி...”

அவன் முகத்திலிருந்த சிரிப்பு அணைந்தது. கண்ணைப் பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டான். அதற்கப்புறம் அவள் எத்தனை தடவை கூப்பிட்டும் திரும்பவில்லை.

லட்சுமியம்மாள் அவள் தோளைத் தொட்டு வெளியே கூட்டிவந்தாள். கதவைச் சாத்தினாள்.

“பாக்க வாரவங்க அத்தனை பேரும் இப்படித்தான் கண்ணு. நீ தப்பாச் சொன்னா அவனால தட்ட முடியும். அழுதா என்ன பண்ணுவான்?”

சாவியைத் திருப்பினாள்.

“வெளிய பூட்டுப் போடச் சொன்னதே அவந்தான்.”