ரெண்டு கட்டை கீழே

பகல் மூன்று மணி. காலி அரங்கின் மேல் ஜன்னலிலிருந்து வெயில் ஒரு பலகையாய்ச் சாய்ந்து கீபோர்டின் மேல் கிடக்கிறது. "அண்ணா, இந்தப் பாட்டு மட்டும் எனக்கு எட்டவே மாட்டேங்குது. ரெண்டு கட்டை இறக்கிக்கலாமா?" என்று மைக்கின் வயரைச் சுருட்டியபடி கேட்கிறாள் குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் பாடகி. "இறக்கிட்டாப் போச்சு," என்கிறார் கீபோர்டுக்காரர். கீபோர்டையே மொத்தமாக இறக்கினால் அடுத்த பாட்டும் சேர்ந்து இறங்கிவிடும் என்பதால், 'பசி' என்று பெயரிட்டு வைத்திருக்கும் அந்த ஒரு சவுண்டை மட்டும் திறக்கிறார். அடியில் பியானோ, நடுவில் வயலின்கள், மேலே ஒரு பெண்ணின் ஹம்மிங் என்று மூன்று அடுக்கு அதற்கு. "சீக்கிரம் ரெக்கார்ட் பண்ணுண்ணா, பசி உயிர் போகுது" என்று அவசரப்படுத்திக்கொண்டே அந்த ஹம்மிங்கைப் பாடிக் கொடுத்தவள் அவருடைய தங்கை. போன வருஷம் இறந்துபோனபோது அவளுக்கு முப்பத்தொரு வயது. அரைக்கட்டைக்கு ஒன்றாக பட்டனை நாலு தரம் அழுத்துகிறார். விரல் அதுபாட்டுக்கு வேலை செய்கிறது; நெஞ்சில் ஒன்றும் அசையக் காணோம். இரண்டு கையாலும் கீகளை அழுத்திப் பிடிக்கிறார். பியானோ இறங்கியிருக்கிறது, வயலின்களும் இறங்கியிருக்கின்றன. ஹம்மிங் மட்டும் தடித்து, கனத்து, அறுபது வயதுக்காரியின் குரலாக ஆகியிருக்கிறது. அவர் கையை எடுக்கவில்லை. வயர் சுருட்டுவதை நிறுத்திவிட்டுப் பாடகி கேட்கிறாள்:

"நல்லா இருக்குண்ணா. அந்த வயசானம்மா யாரு?"

"எங்க வீட்டுக் கடைக்குட்டி," என்கிறார்.